தரகர் வேண்டாம் சரி, தரகர் வேலையை யார் பார்ப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரங்களில் ‘உரிமையாளர் நேரடி விற்பனை, புரோக்கர்கள் அழைக்க வேண்டாம்’ என்ற வரி அடிக்கடி கண்ணில் படுகிறது. 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு 2 சதவீதம் கமிஷன் என்றால் விற்பவர் கையிலிருந்து 1,20,000 ரூபாய் போகிறது. பல இடங்களில் வாங்குபவரிடமும் தனியாக ஒரு சதவீதமோ இரண்டோ வாங்குகிறார்கள். அதை மிச்சப்படுத்த நினைப்பதில் தவறே இல்லை. ரெரா எனப்படும் வீட்டுமனைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் முகவர்களைப் பதிவு செய்யச் சொல்வது, பதிவு பெற்ற புதிய மனைப்பிரிவுகளையும் அடுக்குமாடித் திட்டங்களையும் விற்றுத் தருபவர்களை மட்டும்தான். பழைய வீட்டைக் கைமாற்றி விடும் உள்ளூர்த் தரகருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

ஆனால் விளம்பரம் கொடுப்பவர்கள் பலர் ஒன்றைத் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். ஆள் பிடித்துத் தருவதுதான் தரகரின் வேலை என்று நினைக்கிறார்கள். இன்று ஆள் பிடிக்க ஒரு செல்போன் போதும். நல்ல தரகர் கூலி வாங்குவது, அட்வான்ஸ் வாங்கிய நாளுக்கும் பத்திரம் பதியும் நாளுக்கும் நடுவே உள்ள இரண்டு மூன்று மாதத்துக்கு. வங்கி வக்கீல் கேட்கும் தாளைத் தேடித் தருவது, சொத்தில் பங்குள்ள தங்கையின் கையெழுத்தை வாங்கி வருவது, முறுக்கிக்கொண்ட இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவது எல்லாம் அந்த நாட்களில்தான் நடக்கும். நேரடி விற்பனை கவிழ்வதும் அங்கேதான். எனவே, விற்க முடிவு செய்தவுடன் விளம்பரம் கொடுக்காமல், முதலில் வீட்டு ஆவணங்களின் கோப்பைத் தயார் செய்யுங்கள் என்பதுதான் இந்தக் கடிதத்தில் சொல்ல விரும்புவது.

கோப்பில் முதல் தாள் வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல். பதிவுத் துறையின் இணையதளத்தில் பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல் உள்ள பதிவுகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். வாங்குபவரின் வங்கி வழக்கமாக 30 வருடத்துக்குக் கேட்கும். பார்க்கும்போது இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். ஒன்று, உங்கள் சார்பதிவாளர் அலுவலகம் நடுவில் பிரிக்கப்பட்டிருந்தால் பழைய பதிவுகள் பழைய அலுவலகத்தின் பெயரில் கிடக்கும். இரண்டிலும் தேட வேண்டும். இன்னொன்று, பழைய சர்வே எண், இப்போதைய உட்பிரிவு எண், நகரமானால் நகர அளவை எண் என ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு எண்ணில் மட்டும் பார்த்து ‘வில்லங்கம் இல்லை’ என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு, வங்கி வக்கீல் வேறு எண்ணில் ஒரு பழைய அடமானத்தைக் கண்டுபிடித்தால், அதன்பிறகு நீங்கள் சொல்லும் எதையும் வாங்குபவர் நம்ப மாட்டார்.

அடமானம் என்றதும் வீட்டுக்கடன். கடனை முழுக்கக் கட்டி முடித்தவர்கள்கூட அலட்சியமாக விடுவது இது. கடன் வாங்கியபோது வங்கி பதிவு செய்த உரிமை ஆவண ஒப்படைப்புக் குறிப்பாணை, எல்லோரும் ‘எம்ஓடி’ என்பது, வில்லங்கத்தில் அப்படியே நிற்கும். தவணை முடிந்ததால் அது தானாக அழியாது. வங்கி கையெழுத்திட்டு ரசீது ஆவணம் பதிந்தால்தான் அது தீரும். அசல் பத்திரங்களையும் சரிபார்த்து வாங்குங்கள். கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிந்த பொறுப்பையும் நீக்க வேண்டும் என்றும், தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவிட்டு, அதே ஆண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடன் இன்னும் பாக்கி இருந்தால் விற்க முடியாது என்றில்லை. பாக்கித் தொகையும் வங்கியில் இருக்கும் ஆவணங்களின் பட்டியலும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, அதை முதல் பேச்சிலேயே வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கி அபராதம் கேட்கக் கூடாது.

அடுத்தது பட்டா. பத்திரம் உங்கள் பெயரில், பட்டா உங்களுக்கு விற்றவர் பெயரில், சில இடங்களில் அவருடைய தாத்தா பெயரில் என்று இருப்பது இன்றும் சர்வ சாதாரணம். கூட்டுப் பட்டாவாக இருந்தால் அதில் உள்ள மற்ற பெயர்கள் யார் என்று வங்கி கேட்கும். பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பித்து, நில அளவர் வந்து, உட்பிரிவு ஆகி முடிய எத்தனை வாரம் ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. எனவே அட்வான்ஸ் வாங்கிய பிறகு அதைத் தொடங்குவது ஆபத்து. பத்திரத்தில் உள்ள அளவும், நில அளவைப் புலப்படத்தில் உள்ள அளவும், தரையில் டேப் வைத்தால் வரும் அளவும் மூன்றாக இருந்தால் அதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பத்திரத்தில் 2,400 சதுர அடி, தரையில் 2,310 என்றால் சதுர அடிக்கு 3,000 ரூபாய் விலை பேசியவர் 2,70,000 ரூபாய் குறைப்பார். பேரம் முடிந்தபின் குறைப்பதைவிட, 2,310-க்கே விலை சொல்லித் தொடங்குவது கௌரவமாக இருக்கும்.

கட்டட அனுமதி வரைபடத்தைத் தேடி எடுங்கள். தரைத்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கி மாடி கட்டியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. வங்கியின் மதிப்பீட்டாளர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அளப்பார். அனுமதியில்லாத பகுதியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவார், கடன் தொகை சுருங்கும். சொத்து வரியும் பழைய அளவுக்கே கட்டி வந்தால் அதுவும் வெளியே வரும். அங்கீகாரமில்லாத மனைப்பிரிவில் இருக்கும் வீடாக இருந்தால் 20.10.2016 என்ற தேதியை நினைவில் வையுங்கள். அதற்கு முன் மனையாகப் பதிவானதா என்பதும், அத்தகைய மனைகளை முறைப்படுத்த 2017-ல் வந்த வரன்முறைத் திட்டத்தில் வரன்முறை ஆனதா என்பதும்தான் கேள்வி. முன்பே பதிவான மனையை மறுபடி விற்பதற்குப் பதிவுச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வரன்முறை ஆணை இல்லாமல் பெரும்பாலான வங்கிகள் கடன் தர மாட்டா. கடன் வாங்கி வருகிறவர்களை விட்டுவிட்டால் உங்களுக்கு மிஞ்சும் ஆட்கள் மிகக் குறைவு.

எல்லாவற்றையும்விட விற்பனையைக் கவிழ்ப்பது வாரிசுகள். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார், அண்ணன் தம்பி இருவரும் பேசி முடித்துவிட்டார்கள், கல்யாணமாகிப் போன தங்கைக்கு ‘அப்பவே செஞ்சாச்சு’ என்பார்கள். அந்தப் பேச்சு பதிவு அலுவலகத்தில் எடுபடாது. இந்துக் குடும்பத்தில் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு என்றால் மனைவி, மகன், மகள், உயிரோடு இருந்தால் அப்பாவின் தாய் என எல்லோருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-லேயே மகள்களுக்கு உரிமை தந்தது, அதற்கு முன் திருமணமானவர்களை விட்டுவிட்டு. 2005-ல் மத்தியச் சட்டம் அந்தத் தடையையும் எடுத்தது. அப்பா எப்போது இறந்தார் என்று பார்க்காமலே மகளுக்குப் பிறப்பால் உரிமை உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. ஆகவே இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, அதில் பெயருள்ள ஒவ்வொருவரின் கையெழுத்து அல்லது தன் பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் தேவை. பங்குதாரரில் ஒருவர் மைனர் என்றால் நீதிமன்ற அனுமதி கேட்கப்படும். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில், தன் சார்பில் வேறொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பவர் பத்திரம் எழுதி அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். பவரை வைத்து விற்கும் அன்று, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் வேண்டும். குடும்பத்துக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்றால், உண்மையில் அங்கே தரகரோ வக்கீலோ இருப்பது நல்லது. கமிஷனை மிச்சம் பிடிக்க ஏற்ற வீடு அதுவல்ல.

அசல் பத்திரம் தொலைந்துபோயிருந்தால் காவல் நிலையப் புகார், கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று, நாளிதழில் பொது அறிவிப்பு, பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் என்று மாதக் கணக்கில் இழுக்கும். இதையும் முன்பே தொடங்குங்கள். எல்லாம் சேர்ந்ததும் உங்கள் வீட்டுக்கு நீங்களே ஒரு வக்கீலிடம் சட்டக் கருத்து வாங்கிவிடுங்கள். வாங்குபவர் பக்கத்து வக்கீல் கேட்கப்போகும் கேள்விகள் உங்களுக்கு முதலிலேயே தெரிந்துவிடும்.

இனி விலை. பக்கத்து வீட்டுக்காரர் டீக்கடையில் சொன்ன விலையை நம்ப வேண்டாம். உங்கள் தெருவின் சர்வே எண்களுக்கு வில்லங்கம் போட்டால் கடந்த இரண்டு வருடத்தில் யார் எவ்வளவு நிலத்தை என்ன தொகைக்குப் பதிந்தார்கள் என்பது வரிசையாக வரும். பத்திரத் தொகை உண்மை விலைக்குக் கீழே இருக்கலாம், ஆனாலும் ஒரு தரை கிடைக்கும். மனைக்குத் தனியாக, கட்டடத்துக்குத் தனியாகக் கணக்கிடுங்கள். இன்று புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 2,400 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 1,000 சதுர அடிக் கட்டடம், ஆயுள் 60 வருடம், வயது 20 என்றால் மூன்றில் ஒரு பங்கு கழித்து 16 லட்சம். வயது 40-ஐத் தாண்டிய வீட்டைப் பெரும்பாலும் இடித்துக் கட்டவே வாங்குவார்கள். அங்கே தேக்கு நிலைக்கும் மொசைக் தரைக்கும் விலை கேட்பது வீண். அடுக்குமாடி வீடு என்றால் பிரிபடா மனைப் பங்கு, அதாவது மொத்த மனையில் அந்த வீட்டுக்கு உரிய பங்கு, எத்தனை சதுர அடி என்பதைத்தான் விவரம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பார்கள்.

விளம்பரத்தில் மனை அளவு, கட்டட அளவு, வயது, திசை, சாலை அகலம், அனுமதி வழங்கிய அமைப்பு, கேட்கும் விலை எல்லாம் இருக்கட்டும். விலையைப் போடாமல் ‘நேரில் பேசலாம்’ என்றால் வரும் அழைப்புகளில் பெரும்பகுதி தரகர்களுடையதாகத்தான் இருக்கும். மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ், நோபுரோக்கர், ஓஎல்எக்ஸ் எதில் போட்டாலும் பத்திர எண்ணும் கதவு எண்ணும் வெளியே தெரியக் கூடாது. நகல் கொடுக்கும்போது ஒவ்வொரு பக்கத்திலும் யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் என்று குறுக்கே எழுதிக் கொடுங்கள். வீட்டைப் பார்க்காமலே ‘டோக்கன் போடுகிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்’ என்று ராணுவ வீரர் பேச்சில் ஒருவர் கூப்பிட்டால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் தேவையில்லை, பின் எண்ணும் தேவையில்லை. ஆடி மாதத்தில் விளம்பரம் கொடுத்துவிட்டு ஆளே வரவில்லை என்று விலையைக் குறைக்காதீர்கள். பார்ப்பவர்கள்கூட ஆவணி பிறந்ததும்தான் முடிவு சொல்வார்கள்.

வீட்டைக் காட்டுவது பகல் வெளிச்சத்தில் இருக்கட்டும். ஓதம், கூரைக் கசிவு, கிணற்று நீரின் உப்பு ஆகியவற்றை மறைத்துச் சுண்ணாம்பு அடிப்பதால் லாபமில்லை. தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணமாகக் கண்டுபிடிக்க முடியாத குறையைச் சொல்லும் கடமை விற்பவருக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. சென்னையில் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் விற்பவரிடம் 2015-லும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்காமல் யாரும் அட்வான்ஸ் தருவதில்லை. தெருக்காரர்கள் எப்படியும் சொல்லிவிடுவார்கள், நீங்களே சொல்லுங்கள்.

‘பிடித்திருக்கிறது’ என்று ஒருவர் சொன்னதும் விற்பவர் கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் கையில் எவ்வளவு இருக்கிறது என்பது. கூச்சப்பட வேண்டாம். 60 லட்சத்துக்கு வாங்குபவருக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 48 லட்சம்தான் தரலாம். 75 லட்சத்துக்கு மேற்பட்ட கடனென்றால் 75 சதவீதம். அதுவும் ஒப்பந்த விலை, மதிப்பீட்டாளர் விலை இரண்டில் குறைந்ததில். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்து 5,40,000 ரூபாய்; இதற்குக் கடன் கிடைக்காது. ஆக அவரிடம் 17,40,000 ரூபாயாவது சொந்தமாக இருக்க வேண்டும். ‘லோன் போட்டுப் பார்த்துக்கலாம்’ என்பவரிடம் அது இருக்காது. மூன்று மாதம் உங்கள் வீடு விற்பனைச் சந்தையிலிருந்து காணாமல் போயிருக்கும்.

இன்னொரு வகை ஆளும் வருவார். பேரமே பேச மாட்டார், கேட்ட விலைக்குச் சம்மதிப்பார், ஆனால் 11 மாத அவகாசம் கேட்பார். ஒப்பந்தத்தில் ‘வாங்குபவர் அல்லது அவர் குறிப்பிடும் நபருக்கு’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வார், அல்லது பவர் எழுதித் தரக் கேட்பார். அவர் வீடு வாங்க வரவில்லை. உங்கள் வீட்டைக் கைமாற்றி நடுவில் லாபம் பார்க்க வந்திருக்கிறார். ‘நெட் ரேட் சொல்லுங்க, மேலே வர்றது எனக்கு’ என்பவரும் இதே ரகம்தான். கடைசியில் முகம் தெரியாத ஒருவருக்கு, உங்கள் கைக்கு வராத விலைக்கு நீங்கள் கிரயம் எழுதிக் கொடுப்பீர்கள், அந்த விலைக்கான வருமான வரி கேள்வியும் உங்களிடம்தான் வரும்.

ஒப்பந்தம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். சுவாதீனம், அதாவது வீட்டின் அனுபவம், ஒப்படைக்காத ஒப்பந்தத்துக்குப் பதிவுக் கட்டணம் அட்வான்ஸ் தொகையில் 1 சதவீதம். 6 லட்சம் அட்வான்ஸ் என்றால் 6,000 ரூபாய். இதை மிச்சம் பிடிக்க, சாதாரண முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ‘பதியவில்லை, அதனால் நம்மைக் கட்டுப்படுத்தாது’ என்று விற்பவர்கள் தைரியமாக இருக்கிறார்கள். அது வீண் தைரியம். பதிவு செய்யாத ஒப்பந்தத்தையும், பேசியபடி கிரயம் செய்து தரக் கேட்கும் ‘ஏற்றதை ஆற்றுக’ வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான் 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ‘பணத்தைத் திருப்பித் தருகிறேன், வீட்டைத் தர மாட்டேன்’ என்று தப்பிக்கவும் வழி சுருங்கிவிட்டது.

பதிந்தால் வேறு சங்கடம். ஒப்பந்தம் வில்லங்கத்தில் ஏறும். வாங்குபவர் பணம் புரளாமல் ஒதுங்கிவிட்டால், ரத்துப் பத்திரத்தில் அவரும் வந்து கையெழுத்திட்டால்தான் அது தீரும். வராமல் இழுத்தடிப்பவரிடம் அட்வான்ஸுக்கு மேல் கொடுத்துக் கையெழுத்து வாங்கியவர்கள் உண்டு. குறித்த தேதியிலிருந்து 3 வருடம் வரை அவர் வழக்குப் போடலாம் என்பதால் அடுத்து வருபவரின் வங்கியும் தயங்கும். இதற்கு முழு மருந்து இல்லை. பாதி மருந்து ஒப்பந்த வாசகத்தில் இருக்கிறது. கிரயம் முடிக்கும் தேதியை மாதமாக இல்லாமல் நாளாகக் குறியுங்கள். காலமே ஒப்பந்தத்தின் சாரம் என்று எழுதுங்கள். கடன் மறுக்கப்பட்டால் எத்தனை நாளுக்குள் எவ்வளவு திருப்பித் தரப்படும், அதற்கு ஈடாக எத்தனை நாளுக்குள் ரத்துப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். தேதி தவறியதும் சும்மா இராமல், வக்கீல் மூலம் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். அட்வான்ஸ் 10 சதவீதம் என்பது வழக்கம்; அதைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு வீட்டைக் கட்டிப்போட வேண்டாம். சுவாதீனத்தையும் அசல் பத்திரங்களையும் கிரயத்துக்கு முன் கொடுக்கவே கூடாது. வங்கி அசலைப் பார்க்க விரும்பினால் நீங்களே எடுத்துப் போய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

அட்வான்ஸை ரொக்கமாக வாங்காதீர்கள். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வாங்கியவர் மேல், அதாவது விற்பவர் மேல் விழும். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கைமாறியதாகப் பத்திரத்திலோ வழக்கிலோ வந்தால் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ‘பத்திரத்தை வழிகாட்டி மதிப்புக்குப் (பதிவுக்காக அரசு குறித்த மதிப்பு) போட்டுக்கலாம், மீதி கையில்’ என்ற பேச்சில் லாபம் முழுக்க வாங்குபவருக்கு. ஆபத்தில் பெரும் பங்கு உங்களுக்கு. வீட்டை 60 லட்சத்துக்குத்தான் விற்றீர்கள், ஆனால் வழிகாட்டி மதிப்பு 70 லட்சம் என்றால் நிலைமை தலைகீழ். வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டுவதால் உங்கள் லாபம் 70 லட்சத்தை வைத்தே கணக்கிடப்படும். வாங்குபவருக்கும் அந்த 10 லட்சம் வருமானமாகச் சேரும். அதனால் வழிகாட்டி மதிப்பைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

விலையோ வழிகாட்டி மதிப்போ 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்ட வேண்டும், அட்வான்ஸ் தரும்போதே. பான் செயல்படாமல் கிடந்தால் அந்த 1 சதவீதம் 20 ஆகிவிடும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் இந்த 1 சதவீதக் கணக்கு பொருந்தாது. பிடித்தம் பல மடங்கு, அதற்கு ஆடிட்டரைப் பார்க்காமல் ஒப்பந்தமே போட வேண்டாம். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டின் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. 23.7.2024-க்கு முன் வாங்கியதாக இருந்தால், இங்கு குடியிருப்பவர்கள் பணவீக்கக் குறியீட்டைச் சேர்த்து 20 சதவீதம் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். 2001-க்கு முந்தைய வீட்டுக்கு 1.4.2001 அன்றைய சந்தை மதிப்பை அடக்கவிலையாகக் கொள்ளலாம். அந்த மதிப்பு அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. வாரிசாக வந்த வீட்டுக்கு முன்னவர் வாங்கிய விலையும் காலமும் உங்களுக்குக் கணக்காகும். இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ விலக்கு உண்டு. ஆறு மாதத்துக்குள் 50 லட்சம் வரை குறிப்பிட்ட அரசுப் பத்திரங்களில் போடவும் வழி இருக்கிறது. இதற்கெல்லாம் பழைய கிரயப் பத்திரமும் கட்டுமான ரசீதுகளும் வேண்டும். அசல் வாங்குபவரிடம் போய்விடும் என்பதால், முழு நகலை எடுத்து வைக்காமல் பதிவுக்குக் கிளம்பாதீர்கள்.

பதிவு நாள். கிரயப் பத்திரத்தை எழுதுவது வழக்கமாக வாங்குபவர் ஏற்பாடு. ஆனால் வரைவை முந்தைய நாளே வாங்கி, சொத்து விவரத்தில் சர்வே எண், நான்கெல்லை, நான்கு பக்க அளவு ஆகியவற்றைத் தாய்ப்பத்திரத்தோடு வரி வரியாகப் பொருத்திப் பாருங்கள். ஒரு எண் தவறினாலும் பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு நீங்கள் மறுபடி அதே அலுவலகத்துக்கு வர வேண்டும். எந்தத் தொகை, எந்தக் காசோலை எண், எந்த வங்கி என்பதெல்லாம் பத்திரத்தில் இருக்கட்டும். இணையத்தில் டோக்கன் எடுத்த நேரத்துக்கு இரு தரப்பும், அடையாள அட்டையோடு இரண்டு சாட்சிகளும் வர வேண்டும். ராகு காலம் பார்த்து ஒருவர் கிளம்பத் தாமதமானால் டோக்கன் போய்விடும். முகூர்த்த நாட்களில் கூடுதல் டோக்கன் தருகிறார்கள், கூட்டமும் அதற்கேற்ப.

கைரேகை வைப்பதற்கு முன் பணம் உங்கள் கணக்கில் வந்திருக்க வேண்டும், அல்லது வங்கி வரைவோலை கையில் இருக்க வேண்டும். சாதாரணக் காசோலையை நம்பிக் கையெழுத்திடாதீர்கள். பத்திரம் பதிவாகிவிட்டால், பாக்கி வரவில்லை என்பதற்காக மட்டும் அதை ரத்து செய்ய முடியாது என்பதை 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாக்கித் தொகைக்கு வழக்குப் போடலாம், வீடு திரும்பாது. வாங்குபவரின் வங்கி அதிகாரி வரைவோலையை, பதிவு முடிந்தால்தான் தருவேன் என்பார். அப்போது அதன் நகலை முன்பே வாங்கி, தொகையையும் பெயரின் எழுத்தையும் சரிபார்த்து, அவர் முன்னிலையில் கையெழுத்திடலாம். பிறகு மின்வாரிய எண், சொத்து வரி, குடிநீர் வரி ஆகியவற்றின் கடைசி ரசீதுகளைக் கொடுத்து, மீட்டர் அளவைக் குறித்து, சாவி ஒப்படைத்ததற்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைக்கு ஆள் இருந்தால் அவருடைய முன்பணம் யார் பொறுப்பு என்பது கிரயத்துக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

உங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். வீடு விற்பனை விளம்பரப் படிவத்தில் மனை அளவு, கட்டட அனுமதி உண்டா, பட்டா யார் பெயரில், கடன் நிலுவை உண்டா என்ற நான்கு கட்டங்களைச் சேர்த்து, நிரப்பாதவர்களிடம் விளம்பரம் வாங்காமல் இருக்கலாம். பதிவுத் துறைக்கும் ஒன்று: காலம் கடந்த, வழக்கும் இல்லாத விற்பனை ஒப்பந்தங்களை, மறுதரப்புக்கு நோட்டீஸ் அனுப்பிப் பதில் வராதபோது, வில்லங்கத்தில் ‘காலாவதி’ என்று குறிக்க ஒரு நடைமுறை வேண்டும். இப்போது அதற்கு நீதிமன்றப் படியேறுவதைத் தவிர வேறு வழியில்லை.

இப்படிக்கு,
பத்திர எழுத்தர் ஒருவர்,
செங்கல்பட்டு.